அக்கா வாங்கிய வேட்டை பூட்ஸ்

தோழிகளே, நாம் மாறி மாறி எழுதும் இந்த நோட்டு நம் ஐந்து பேரைத் தாண்டினால் நான் தொலைந்தேன்.

ஸ்டெல்லா அக்கா அடுத்த வாரம் கொடைக்கானல் போகிறாள். சர்ச் தியானத்துக்கு என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் அவள் தோழி வீட்டு எஸ்டேட்டில் காட்டுப்பன்றி வேட்டை.

இன்று சாயங்காலம் என்னையும் ராயப்பேட்டை செருப்புக் கடைக்குக் கூட்டிப் போனாள்.

"பூட்ஸ் யாருக்கும்மா, அண்ணனுக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான். பன்னி வேட்டைக்கு. செங்குத்தான மலை, மழை வேற பெய்யும்."

அவர் சிரித்தபடி ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். "சொட்டுத் தண்ணி உள்ள பூராது."

"அப்படின்னா ஒரு வாளி தண்ணி கொடுங்க."

அவரும் ரோஷமாகக் கொண்டுவந்தார். அக்கா பூட்ஸ் காலை வாளிக்குள் விட்டு, கடை வாசலிலேயே கால் மணி நேரம் நின்றாள். தெருவே பார்த்தது. அப்பாவைத் தெரிந்தவர் யாராவது வந்துவிடுவாரோ என்று நான் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

கழற்றினால் காலுறை நனைந்திருந்தது. கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அடுத்த ஜோடியில் காலுறை நனையவில்லை. அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் பத்து முறை தடதடவென்று இறங்கினாள்.

"இறங்கும்போது கட்டைவிரல் முட்டுது. மலையில நகமே போயிடும். ஒரு சைஸ் பெரிசு கொடுங்க."

கடைக்காரர் பூட்ஸைக் கட்டிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அந்தப் பன்னிய நெனச்சாத்தாம்மா பாவமா கீது."

இப்போது பூட்ஸ் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. காலையில் அப்பா பார்த்துவிட்டால், தியானத்துக்கு இது எதற்கு என்று என்னைத்தான் கேட்பார். நல்ல பதிலாக எழுதிக் கொடுங்கள். முழங்கால் போட்டு ஜெபிக்க என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள்.