சட்டைக்குள் ஒரு ஷூ

ஊர் பேர் தெரியாத ஒருவருடைய வலது கால் ஷூவைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நான் ஒரு தடவை சாமி கும்பிட்டிருக்கிறேன். விபூதியும் வாங்கிப் பூசிக்கொண்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் ஒன்பது வயதில் மற்ற பிள்ளைகள் இப்படிச் செய்வதில்லை என்று என் வீட்டில் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாம் அத்தைக்கு வரன் பார்த்ததில் ஆரம்பித்தது. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. எங்களோடு ஆம்பூரில் இருந்தாள். அப்பா வேலை பார்த்த அதே ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் அவளும் இருந்தாள். அவளை நாலு பேர் வீட்டுக்கு வந்து பார்த்து, கேசரியைச் சாப்பிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. இனிமேல் யார் முன்னாலும் தட்டு தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று அத்தை ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

அவள் பிரிவில் சூப்பர்வைசராக இருந்த ஒரு அம்மாதான் இதற்கு வழி சொன்னார். வரன் பார்த்துக் கொடுப்பது அவருக்கு ஓவர்டைம் மாதிரி. இரண்டு வீட்டாரும் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஞாயிற்றுக்கிழமை வேலூர் கோட்டைக்கு வந்துவிட வேண்டியது. கோட்டைக்குள் இருக்கிற கோயிலில், சிற்பத் தூண் வைத்த கல்யாண மண்டபத்துப் பக்கம் பதினோரு மணிக்குத் தற்செயலாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது. பிடிக்கவில்லை என்றால் அவரவர் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு போகலாம். யாருக்கும் தலைகுனிவு இல்லை.

அடையாளம் மட்டும் வேண்டும். அத்தை மாம்பழக் கலர் புடவை. மாப்பிள்ளைக்கு அடையாளம் சொன்னது அப்பா. நாள் முழுக்கக் கால் அச்சின் மேல் தோலை இழுத்து ஒட்டுகிறவர் அவர். அவருக்கு மனிதர்களின் முகம் ஞாபகம் இருக்காது, ஷூதான் ஞாபகம் இருக்கும். எங்கள் கம்பெனியில் எக்ஸ்போர்ட்டுக்குப் போகாமல் ஒதுக்கிய, டேன் என்கிற வெளிர் பழுப்புக் கலர் ஷூ, முன்னால் இரண்டு குஞ்சம் வைத்தது, அதில் ஒரு ஜோடியைச் சூப்பர்வைசர் அம்மாவிடம் கொடுத்தனுப்பி, போட்டுக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். கோயிலுக்குள் எவனும் ஷூ போட்டுக்கொண்டு வரமாட்டான் என்பது அப்பாவுக்கும் தோன்றவில்லை, அந்த சூப்பர்வைசர் அம்மாவுக்கும் தோன்றவில்லை, அதைக் கேட்டுக்கொண்டு சரி சரி என்று தலையாட்டிய மாப்பிள்ளை வீட்டுக்கும் தோன்றவில்லை. தோல் ஊர்க்காரர்கள் நாங்கள்.

என்னிடம் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. நான் போன மாதம்தான் பள்ளிக்கூடத்தில் எக்ஸ்கர்ஷன் போய்க் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதனால் ஊர் சுற்றிக் காட்டத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன். அம்மா கைக்குழந்தையோடு வீட்டில் தங்கிவிட்டாள். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கியதிலிருந்து நான்தான் முன்னால். அகழியில் முதலை இருக்கிறது, நேற்றுகூட ஒரு ஆட்டைப் பிடித்தது என்றேன். அப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அத்தை மட்டும், "முதல ஆட்டத் துன்னும்போது நீ எங்கடா நின்னுக்கினு இருந்த?" என்று கேட்டாள்.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அப்பாவின் முகம் மாறியது. தன் வெறும் காலையே கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு என்னைத் தனியாக இழுத்து, செருப்பு விடுகிற இடத்தில் நின்று, குஞ்சம் வைத்த டேன் ஷூவை யார் கழற்றுகிறார்கள் என்று பார்த்து வந்து சொல்லச் சொன்னார். அவரும் அத்தையும் உள்ளே போய்விட்டார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த ஷூ ஏற்கெனவே அங்கே இருந்தது. ஆள் உள்ளே போயாயிற்று. யார் என்று எப்படிச் சொல்வது? ஷூவையே காட்டிவிட்டால் அப்பா ஆளைக் கண்டுபிடித்துவிடுவார் என்று முடிவு செய்தேன். செருப்பு பார்த்துக்கொள்கிற அம்மா கேட்டதற்கு, எங்க அப்பா தோஸ்தோடது என்று சொன்னேன். ஜோடியாக எடுத்தால் திருட்டு, ஒன்று எடுத்தால் சாம்பிள் என்பது என் கணக்கு. கோயிலுக்குள் ஷூ கொண்டுபோகக் கூடாது என்பது மட்டும் தெரிந்ததால் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

மண்டபத்தில் யாளி இருந்தது, கிளி இருந்தது, அப்பா இல்லை. கூட்டத்தோடு தள்ளிக்கொண்டு போய் சன்னதியில் கும்பிட்டேன். அர்ச்சகர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விபூதி கொடுத்தார். பிராகாரத்தை ஒரு சுற்று சுற்றி வெளியே வந்தபோது வாசலில் சத்தம் கேட்டது.

ஒற்றை ஷூவோடு ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். செருப்பு அம்மா கும்பிட்ட கையோடு, ஒரு பையன் எடுத்துக்கொண்டு போனான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"திருட்டுப் பசங்களை வச்சித் தொழில் பண்றியா? போலீஸ்ல குட்த்தா தெரியும் உனுக்கு."

கூட வந்திருந்த அவருடைய அம்மா, போகட்டும் விடுடா என்று கையைப் பிடித்தார். நீ வாயை மூடு என்று அந்த ஆள் அம்மாவின் கையை உதறிவிட்டார். அப்பாவும் அத்தையும் அப்போதுதான் வெளியே வந்து, கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார்கள். நான் நேராக அப்பாவிடம் போய்ச் சட்டையைத் தூக்கி ஷூவை எடுத்து நீட்டினேன். வேலையை முடித்துவிட்ட பெருமை எனக்கு.

அத்தைதான் வாங்கினாள். நடந்துபோய் அந்த ஆளின் காலடியில் வைத்தாள்.

"எங்க அண்ணன் புள்ளதான் எட்த்தான். அந்தம்மாவ வுட்டுடுங்க."

அவர் அத்தையின் புடவையைப் பார்த்தார். மாம்பழக் கலர். ஒரு நொடியில் முகம் மலர்ந்துவிட்டது. பரவாயில்லைங்க, சின்னப் பையன்தானே என்று என் கன்னத்தைத் தட்டினார். அதற்குப் பிறகு எல்லாரும் சேர்ந்தே சுற்றினோம். மியூசியம் பார்த்தோம், கோட்டைச் சுவர் மேல் நடந்தோம், எனக்குப் பால் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். முதலைக் கதையை முழுதாகக் கேட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கிளம்பும்போது அத்தை மட்டும் திரும்பக் கோயில் வாசலுக்குப் போய், அந்தச் செருப்பு அம்மா பக்கத்தில் குந்தி, அர்ச்சனைத் தேங்காய் ஒரு மூடியையும் இரண்டு பழத்தையும் கொடுத்து ஏதோ பேசிவிட்டு வந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அப்பா சலித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி சூப்பர்வைசர் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்களாம். பெண் பார்க்க வந்த இடத்தில், அதுவும் கோயில் வாசலில், காலில் போட்டது காணாமல் போனது சகுனம் சரியில்லையாம். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் அப்பா என்னை வெளுத்துவிட்டார். அம்மா மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. அத்தை மறுநாள் சாயங்காலம் கம்பெனி விட்டு வரும்போது கடலை மிட்டாய் வாங்கி வந்து யாருக்கும் தெரியாமல் என் கையில் வைத்தாள். கல்யாணத்தைக் கெடுத்தவனுக்கு எதற்கு மிட்டாய் என்று நான் யோசிக்கவில்லை. தின்றுவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அத்தை வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே பாதிதான் கேட்கும், அவ்வளவு மெதுவாகப் பேசுகிற மனிதர். ஆனாலும் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் பந்தலுக்குள் நான் நுழைந்ததும் யாராவது ஒருத்தர் தன் செருப்பைத் தள்ளி வைத்துக்கொள்வார். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் பேஜாராக இருக்கும்.

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போனபோது, மனசு கேட்காமல் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை கையை நிறுத்தாமல் சொன்னாள்:

"அவங்க புடிச்சிருக்குன்னுதான் சொல்லி அனுப்பினாங்க. வேணான்னு சொன்னது நான். நம்ம வீட்ல அத வாய்விட்டு சொல்ல முடியுமா? அந்த சூப்பர்வைசரம்மா கால்ல வுழுந்து, அவங்க வேணான்னாங்கன்னு வந்து சொல்லச் சொன்னேன்."

அந்த ஆள் வீட்டில் ஜாதகம் பொருந்தவில்லை என்று சூப்பர்வைசர் அம்மாவே சொல்லி முடித்துவிட்டாராம். சரி அத்தை, அதற்கு என்னை எதற்கு மாட்டிவிட்டாய் என்று கேட்டேன்.

"யார் மேலயாவது போட்டுத்தான ஆவணும். வீட்ல வேல வெட்டி இல்லாம இருந்தது நீ ஒருத்தன்தான்."