மண்கல் வகுப்பறையின் முதல் மழை

வாளி

மண்கல்லை வாளித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன். கட்டடக்கலை படிக்கிறவர்களுக்கு எப்போதும் தண்ணீரில் பயம். அதற்கு முன்னால் 'நிலைபேறான', அதாவது நீடித்து நிற்கிற, என்ற சொல்லையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பயம் இரட்டிப்பு. உங்களில் யாராவது படித்திருந்தால் சொல்லாமலே விளங்கும்.

இறுதி வருடத்தில் ஒரு சிறு கட்டடத்தையாவது உண்மையாகக் கட்டி, அதில் ஆட்கள் புழங்குவதைக் காட்டவேண்டும். புழங்காவிட்டால் படிப்பு இன்னொரு வருடம் நீளும். சாவகச்சேரியில் ஒரு தேவாலய முன்பள்ளிக்கு வகுப்பறை தேவைப்பட்டது. பொறுப்பாக இருந்த ரூபி ரீச்சர் மண்கல்லுக்குச் சம்மதித்தார். அச்சுவேலிப் பக்கத்துச் செம்பாட்டு மண்ணில் கொஞ்சம் சீமெந்து கலந்து, யந்திரத்தில் அமுக்கிய கல். அது கரையாது என்று தாய்மாருக்குக் காட்டத்தான் இந்த வாளி.

கல்லிலிருந்து குமிழிகள் வந்தன. உள்ளே இருக்கிற காற்றுத்தான். எந்தக் கல்லிலும் வரும். அதைச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள், நாலு வயது மகனை இடுப்பில் வைத்திருந்த வசந்தி அக்கா குனிந்து பார்த்தார்.

"ரீச்சர், உது மூச்சு வாங்குது. கனநேரம் தாங்காது போல."

பூச்சு

கல் தாங்கியது. சுவர் எழும்பியது. பூச்சு வேண்டாம் என்பது என் திட்டம்: சீமெந்து மிச்சம், சுவரின் நிறமும் தெரியும். மேசன் குணம் அண்ணை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திவிட்டு, சுவரோரம் கட்டியிருந்த சாரத்தைக் கழற்றினார்.

அன்றிலிருந்து வீதியால் போன ஒவ்வொரு சைக்கிளும் எங்கள் வாசலில் வேகம் குறைந்தது. "மிச்சம் எப்ப கட்டப் போறியள்?" என்று கேட்டார்கள். முதலில் நான் நின்று விளக்கம் சொன்னேன். வெப்பம், காற்று, சூழல் எல்லாம். கேட்டவர்கள் அனுதாபத்தோடு தலையாட்டிப் போனார்கள். பிறகு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. குணம் அண்ணையே பதில் சொல்லத் தொடங்கினார்.

"இல்லையண்ணை, இது முடிஞ்சுது. படிச்ச ஆக்கள் இப்பிடித்தான் முடிக்கிறவை."

கூட்டம்

வகுப்பைப் புதிய அறைக்கு மாற்றுவதற்கு முன் பெற்றோரைக் கூப்பிட்டார் ரூபி ரீச்சர். பிள்ளைகள் அதுவரை பக்கத்துத் தகரக் கொட்டிலில் படித்தார்கள். இரண்டு வெப்பமானிகளைக் கொண்டுபோய், ஒன்றைக் கொட்டிலிலும் மற்றதை மண்கல் அறையிலும் தொங்கவிட்டிருந்தேன். மண்கல் அறையில் வெப்பம் குறைவு என்பதை எல்லாரும் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வசந்தி அக்கா எழும்பினார். கோபமாக இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

"தங்கச்சி, இடம்பெயர்ந்து போன இடத்திலை மண்சுவருக்கைதான் நான் வளந்தனான். குளிராத்தான் இருந்தது, இல்லையெண்டு சொல்லேல்லை. அதுக்குள்ளை இருந்து வெளிக்கிட எங்களுக்கு எத்தினை வருசம் எடுத்தது. இப்ப நீங்கள் படிச்சுப்போட்டு வந்து, என்ரை பிள்ளையைத் திரும்ப உள்ளுக்கை போய் இருக்கச் சொல்லுறியள்."

மற்றத் தாய்மார் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரூபி ரீச்சர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, நான் ஒருத்தரையும் வற்புறுத்தமாட்டன். ஒரு மழை போகட்டும், பாப்பம்."

செந்தண்ணீர்

மழை வாடைக்காற்றோடு வந்தது. நல்லூரிலிருந்து முதல் பஸ்சைப் பிடித்தேன். வழிநெடுக மற்றவர்கள் கைபேசியைப் பார்க்க, நான் மதில்களின் அடியில் மழை என்ன செய்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போனேன்.

முன்பள்ளி முற்றத்தில் சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மண் வெள்ளை. சிவப்பு என்றால் என் சுவர்தான். குடையை விரிக்கவும் தோன்றாமல் ஓடிப்போய் சுவரின் கீழ்வரிக் கற்களைத் தடவினேன். எல்லாம் இருந்தபடி இருந்தன. மூலையைத் திரும்பினால், கல் அமுக்கி மிஞ்சிய செம்மண் குவியல் தாழ்வாரத்தால் வடிந்த தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. அதை அள்ளச் சொல்ல மறந்தது நான்தான். ரூபி ரீச்சர் குடையோடு வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"சுவர் நிக்குது. நீ விழுந்திடாதை."

அந்த நேரம்தான் வசந்தி அக்கா மகனோடு சைக்கிளில் வந்து இறங்கினார். முற்றத்துச் சிவப்பைப் பார்த்தார். சுவரிடம் போய் நகத்தால் ஒரு கீறு கீறி, நகத்தைத் திருப்பிப் பார்த்தார்; மண் ஒட்டியிருக்கவில்லை. கொட்டிலின் தகரத்தில் மழை அடித்த அடியில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள்.

"வசந்தி, எங்கை இருத்திறது இவனை?" என்று ரூபி ரீச்சர் கத்திக் கேட்டார்.

"அந்தக் கொட்டிலுக்கை நீங்கள் சொல்லுறது ஒண்டும் கேளாது, ரீச்சர்," என்றார் வசந்தி அக்கா. ரீச்சர் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிவரக் கொட்டிலுக்குப் போனார்.

நிலைபேறு என்ற சொல்லுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதிய எனக்கு, அன்று நம்பிக்கையோடு சொல்லக்கூடியதாக இருந்த ஒரே விளக்கம் 'அடுத்த மழை வரைக்கும்' என்பதுதான்.

வசந்தி அக்கா புதிய அறையின் வாசலில் குனிந்து மகனின் செருப்புகளைக் கழற்றினார். ஒன்றோடு ஒன்றைத் தட்டி மண்ணை உதறினார். பிறகு நனையாதபடி உட்சுவர் ஓரமாகச் சேர்த்து வைத்தார்.