பீரோவுக்குப் பின்னால் ஒரு அடுப்படி

போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் ஒரு ஐஸ்கிரீம் கடையின் ஃப்ரீசருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோதுதான், என் மனைவி என்னோடு வசிக்கவில்லை என்ற செய்தி எனக்கு வந்தது. போனில் பேசியவர் போலீஸில் வெளிநாட்டினர் விவகாரம் பார்க்கும் பிரிவைச் சேர்ந்தவர். மேடத்தின் விசா நீட்டிப்பில் சின்ன சிக்கல், அவர் உங்களோடு வசிக்கவில்லை என்று அறிக்கை வந்திருக்கிறது, நேரில் வந்துவிட்டுப் போங்கள் என்று ஹிந்தியில் மரியாதையாகச் சொன்னார். அரசாங்கம் மரியாதையாகப் பேசினால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். ஃப்ரீசரைத் திறந்து போட்டது போட்டபடியே கிளம்பினேன். அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். போர்ட் பிளேரில் பிறந்தவன். அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்க வந்து, ஊருக்குள் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் வீடு கட்டினவர். இளவயசில் நான் துபாயில் ஒரு ஹோட்டலில் ஏசி பார்த்தேன். அதே ஹோட்டலின் சமையலறையில் பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி வேலை பார்த்தாள். அங்கே இருந்த குளிரறை அடிக்கடி கெட்டுப்போனதற்கு இயந்திரம் காரணமில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். மாதா கோயிலில் வைத்துக் கல்யாணம். பிறகு இந்தத் தீவு. வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. மீன்காரியிடம் ஹிந்தியில் பேரம் பேசுவாள், என்னிடம் தமிழில் சண்டை போடுவாள். அந்தத் தமிழை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. அதனால் மணிலாப் பக்கம் பிறந்த ஒருத்தி தூத்துக்குடிக் கடற்கரை வழக்கில் என்னை "இங்க பாரும்" என்று அதட்டுவதைக் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் சர்க்கார் கணக்கில் அவள் விருந்தாளி. நிரந்தரமாக இருப்பதற்கான அட்டைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். கல்யாணச் சான்றிதழில் ஏதோ ஒரு முத்திரை குறைகிறது என்று அது டெல்லிக்கும் இங்கேயுமாக அலைகிறது. அதுவரைக்கும் விசா முடிய முடிய நீட்டிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான் எழுதிக் கொடுக்க வேண்டும்: இவள் என் மனைவி, என் கூடத்தான் இருக்கிறாள், இவளுக்கு நான் பொறுப்பு. கடைசி வரியைப் படிக்கும்போது மட்டும் அவள் சிரிப்பாள்.

ஆபீஸில் அந்த அதிகாரி கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பவில்லை. வாயால் சொன்னார். விசாரணைக்கு ஆள் போனதாம். வீடு பூட்டியிருந்ததாம். அக்கம்பக்கத்தில் கேட்டதில், இந்த வீட்டில் ஒரு ஆண் மட்டும் தனியாக இருக்கிறார், மனைவி என்று யாரும் கிடையாது என்று தெரியவந்ததாம்.

"சார், இன்னைக்குக் காலையில என்னை அரை மணி நேரம் திட்டினாங்க சார்" என்றேன் ஹிந்தியில்.

"அதுக்கு ஆதாரம் வேணும்" என்றார். சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்கவில்லை.

இந்த அறிக்கை இப்படியே மேலே போனால் நீட்டிப்பு கிடைக்காது. விசா முடிவதற்குள் அவள் நாட்டை விட்டுப் போக வேண்டும். அங்கே போய்ப் புதிதாக விண்ணப்பம் போட்டு, கிடைக்கிறபோது வரலாம். கிடைக்கிறபோது என்றால் எப்போது என்று கேட்டேன். அது என் கையில் இல்லை என்றார். அங்கே அவள் யாரிடம் போவாள்? அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் வீடு புயலில் கூரை போய், அவரே மாமியார் வீட்டில் இருக்கிறார். மறு விசாரணை கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது. இன்னொரு தாள் கேட்டேன். அதையும் கிழித்தேன். மூன்றாவதை அவரே எழுதி, கையெழுத்து மட்டும் போடச் சொன்னார்.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம் என் எதிரி யாரென்று யோசித்துக்கொண்டு வந்தேன். எனக்கு அந்த அளவுக்கு முக்கியமான எதிரி யாரும் இல்லை என்பது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. சந்துக்குள் நுழைந்ததும் அக்கா வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நம்ம வீட்டப் பத்தி யாராச்சும் விசாரிச்சு வந்தாவளா?"

"வந்தாம்ல ஒரு பய. சாதாச் சட்டை, கையில ஃபைலு. உங்க வாசல்ல நின்னு போனை நீட்டிப் போட்டோ எடுக்கான். நா விடுவனா."

"என்ன சொன்னிய?"

"வேற என்னத்தச் சொல்லுவாவ? அகேலா ஆத்மி ஹை, ஒத்த ஆளு, ஃப்ரிட்ஜு மெக்கானிக்கு, காலைல போனா ராத்திரிதான் வருவாம்ன்னேன். பீவி கிதர், பெஞ்சாதி எங்கன்னான். பீவி நஹி ஹைன்னேன். பின்னால ரூம் இருக்கான்னு அவன் கேக்கதுக்கு முன்னயே, பின்னால பூரா ஜங்கிளுன்னுட்டேன்."

அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் சந்தின் கதையைச் சொல்ல வேண்டும். வீடுகள் ஒரு சரிவில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு எல்லைக்கல் உண்டு. ஒவ்வொரு வீடும் அந்தக் கல்லைத் தாண்டி ஒரு அறை அளவுக்கு நடந்து போயிருக்கிறது. அது சர்க்கார் நிலம். எனவே ஃபைலோடு எவன் வந்தாலும் அவன் அளக்க வந்தவன் என்பதும், அவனிடம் ஆள் கணக்கைக் குறைத்துச் சொல்ல வேண்டும் என்பதும் சந்தின் சட்டம். ஆள் குறைந்தால் அறை குறையும். பின்கதவை மறைத்து பீரோவைத் தள்ளிவைத்துவிட்டால் அறையே இருக்காது. எங்கள் சந்தில் பீரோ துணி வைக்கிற சாமான் மட்டுமல்ல. அக்காவைத் தேடி எவனாவது வந்திருந்தால் நானும் அவள் புருஷனைப் பிரம்மச்சாரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் இந்த முறை வந்தவன் நிலத்தை அளக்க வரவில்லை. என் மனைவியை அளக்க வந்திருந்தான்.

அவள் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வாசலுக்கு வந்தாள். கையில் கத்தி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், வேறொன்றும் இல்லை. ஆனாலும் நான் ஒரு அடி நகர்ந்துகொண்டேன்.

"நா இல்லன்னா சொன்னிய?"

"உன் அடுப்படியக் காப்பாத்தத்தானடி மக்கா சொன்னேன்."

"அடுப்படியக் காப்பாத்த ஆளைத் தொலச்சிட்டியளே" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குப் பழக்கம், சமாளித்திருப்போம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா கருவாட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த அடுப்படிதான் எல்லைக்கல்லைத் தாண்டியது. அவள் வந்த புதிதில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சு விட முடியாது. அவளே ஹாலோ பிளாக் சுமந்து, நான் சிமெண்ட் குழைக்க, கட்டியது. சுவர் கோணல். அது நான் பிடித்த நூல். அவளுடைய பாத்திரம், தேங்காய் வினிகர் பாட்டில்கள், மாதா படம், அவள் அம்மாவின் போட்டோ, அண்ணனோடு வீடியோவில் பேசும் நாற்காலி எல்லாம் அங்கேதான். முன்னறையில் இருப்பதெல்லாம் நான்: கம்ப்ரஸர், செப்புக் குழாய், யாரும் வந்து எடுத்துப்போகாத பழைய ஃப்ரிட்ஜுகள்.

மறு விசாரணை வரப்போகிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று தண்ணீர் வந்த அன்றைக்குக் குழாயடியில் சொன்னேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். சந்தில் சட்டம் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவர், மராமத்து இலாகாவில் வேலை பார்த்து ரிட்டயரான ஒரு அண்ணன். அவர் சொன்னார்:

"வாக்குமூலம் தாரோம்ப்பா. அதுக்கென்ன. ஆனா முன்ரூம மட்டும் காட்டு. பின்னால திறந்துராத. இப்பல்லாம் போட்டோ எடுத்தா எடம் எங்கன்னு அதுலயே விழுந்துருது. அது தாசில்தார் ஆபீஸுக்குப் போவ எவ்வளவு நேரம்? உன் செவுரு போனா என் செவுரும் போவும்."

"முன்ரூம்ல அவ சாமான் ஒண்ணும் இல்லண்ணே."

"ரெண்டு நைட்டிய எடுத்துக் கொடியில போடு. போதும்."

போன கிறிஸ்துமஸுக்கு அதே அடுப்படியில் பூண்டும் வினிகரும் போட்டு அவள் வைத்த பன்றிக் கறியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டவர் அவர். அவருக்கு என் மனைவி இரண்டு நைட்டியாகத் தெரிகிறாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கையிலிருந்த குடத்தைத் தூக்கி எறிந்தேன். பித்தளைக் குடமாக இருந்தால் ஒரு கௌரவம் இருந்திருக்கும். அது காலி பிளாஸ்டிக் குடம். விழுந்து, துள்ளி, சரிவில் உருள ஆரம்பித்தது. அடுத்து எப்போது தண்ணீர் வருமோ தெரியாதே. என் கோபத்தின் பின்னாலேயே நான் ஓட வேண்டியதாயிற்று. குடத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தபோது வரிசையில் என் இடம் போயிருந்தது.

விசாரணைக்காரர் வரும் நாள் காலையில், நான் குளித்துவிட்டு வருவதற்குள் அந்த அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் வந்து பீரோவைப் பின்கதவுக்கு முன்னால் தள்ளிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கொடியில் இரண்டு நைட்டி. அவற்றில் ஒன்று என் மனைவியுடையதே இல்லை. அவள் முன்னறை ஸ்டூலில் உட்கார்ந்து பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலையில் வைத்த கஞ்சி அந்தப் பக்கம் அடுப்பில் இருந்தது.

வந்தவர் சின்ன வயசுப் போலீஸ்காரர். வங்காளிப் பையன், தீவின் வடக்கே மாயாபந்தர் பக்கம் என்றான். மரியாதையாக ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கம்ப்ரஸர்களுக்கு நடுவே ஒரு இடம் தேடி நின்றான். பாஸ்போர்ட்டைப் பார்த்தான். நைட்டிகளைப் பார்த்தான். அக்காவும் அந்த அண்ணனும் வாசலில் நின்றார்கள்.

"மேடம் எங்கே சமைக்கிறாங்க?" என்று ஹிந்தியில் கேட்டான்.

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஹோட்டல் சாப்பாடு என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு அதைச் சொல்ல வாய் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"இங்க பாரும். பீரோவத் தள்ளும்."

"ஏம்மா, கொஞ்சம் யோசிச்சு..." என்றார் அண்ணன்.

"உம்மகிட்டப் பேசலண்ணே. இவருகிட்டப் பேசுதேன். தள்ளும்."

தள்ளினேன். மூன்று பேர் தள்ளிவைத்த பீரோ. இருபது வருஷமாக ஃப்ரிட்ஜ் தூக்கிய முதுகு. அது ஒரு விரற்கடை நகர்ந்தது, நான் அதைவிட அதிகமாக நகர்ந்தேன். போலீஸ்காரன் உதவலாமா கூடாதா என்று தெரியாமல் பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். பீரோவின் மறுபக்கத்தில் தோளைக் கொடுத்தாள். அவள் வீட்டுப் பின்சுவரும் எங்கள் பின்சுவரும் ஒரே சுவர். அது அவளுக்குத் தெரியும். இருந்தும் தள்ளினாள். கதவு தெரிந்தது.

போலீஸ்காரன் அடுப்படிக்குள் போனான். கோணல் சுவரைப் பார்த்தானா தெரியாது. அடுப்பைப் பார்த்தான், வினிகர் பாட்டில்களைப் பார்த்தான், மாதாவுக்குப் பக்கத்திலிருந்த போட்டோ யாரென்று கேட்டான். எங்கள் இருவரையும் அடுப்புக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தான். ஜோடியாகச் சிரிக்கச் சொன்னான். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. இதைவிட உறுதியான கல்யாண ஆதாரம் எந்தச் சர்க்காருக்கும் கிடைக்காது.

பிறகு அக்காவைக் கேட்டான், போன தடவை வந்த ஆளிடம் யாரும் இல்லை என்று சொன்னது நீங்கள்தானே என்று.

"அன்னைக்குப் பொய் சொன்னேன் சார்" என்றாள் அக்கா ஹிந்தியில். "இன்னைக்கு உண்மை சொல்றேன். ரெண்டையும் எழுதிக்கோங்க."

அவன் இரண்டாவதை மட்டும் எழுதிக்கொண்டான்.

நீட்டிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு. வாழ்த்துகள் என்றார் ஆபீஸில் அந்த அதிகாரி. எதற்கு வாழ்த்து? என் வீட்டில் என் பெண்டாட்டி இருக்கலாம் என்று சொன்னதற்கு நான் லட்டு வாங்கிக் கொடுக்க வேண்டுமா? இதை அவர் முகத்துக்கு நேரே கேட்கத்தான் நினைத்தேன். "தேங்க் யூ சார்" என்றுதான் வந்தது. அடுத்த வருஷம் மறுபடி அவரிடம்தானே போக வேண்டும். அடுப்படி இருக்கும் இடம் இப்போது சர்க்காரின் ஏதோ ஒரு பெட்டிக்குள் போட்டோவாக இருக்கிறது. தாசில்தார் ஆபீஸிலிருந்து இதுவரை ஆள் வரவில்லை. வரமாட்டான் என்றும் சொல்ல முடியாது. அந்த அண்ணன் குழாயடியில் எனக்கு இடம் விடுவதில்லை.

பீரோவைத் திரும்ப இடத்தில் வைக்க அவள் விடவில்லை. அது முன்னறை நடுவில் நிற்கிறது. ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தால் நான் அதில்தான் இடித்துக்கொள்கிறேன்.

அக்காவோடு அவள் பேசாமலேயே இருந்தாள். நீட்டிப்பு வந்த அன்று சாயங்காலம் அக்கா ஒரு கிண்ணத்தில் நண்டுக் குழம்பு கொண்டுவந்து வாசலில் நின்றாள். நான் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டிருந்தேன்.

"மக்கா, உள்ள வரலாமா?"

அடுப்படியிலிருந்து அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்த வீட்ல ஒத்த ஆளுதான். மெக்கானிக்கு. அவர்ட்ட கேளும். இங்க பூரா ஜங்கிளு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஸ்குரூடிரைவரைப் பார்த்தேன். அவள் பீரோவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். பிறகு, நண்டில் உப்பு போதவில்லை என்று என் மனைவி அவளைத் திட்டுவது கேட்டது.