கவாத்துக் கத்தரிக்குப் பெட்டி அடித்த கதை

ஒரு விடுகதை. ஆறு சுவர் உண்டு, சன்னல் கிடையாது. குடியிருப்பவர் வெளியே வந்த மறு நிமிடமே வீட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அது என்ன?

யோசித்தது போதும். கடையில் வாங்கும் சாமானின் அட்டைப் பெட்டிதான் விடை. குப்பைக்குப் போகப்போகிற அந்த வீட்டுக்காகக் கடல் தாண்டி மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது ஒரு தொழில். உங்களில் யாராவது வெளிநாட்டு ஆலையில் சொந்தப் பெயரில் பெட்டி அடிக்கக் கொடுத்திருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

மதுரையில் ஒரு வாரப் பத்திரிகையில் இருபத்தாறு வருடம் குழந்தைகள் பக்கம் பார்த்தவள் நான். ஓய்வு பெற்றுத் தேனிக்கு வந்ததும் தம்பி சுருளி பிடித்துக்கொண்டான். அவனும் அவன் மச்சினன் பாண்டியும் பதினெட்டு வருடமாகக் கூட்டாக இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார்கள். திராட்சைக் கொடியை நறுக்கும் கவாத்துக் கத்தரியைச் சீனாவில் ஓர் ஆலையிலிருந்து நேரடியாக வரவழைத்து, தங்கள் கடைப் பெயர் போட்ட பெட்டியில் விற்க வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. “உனக்குத்தான் இங்கிலீசும் தெரியும், படம் போடவும் தெரியும். வேற யாருகிட்டப் போவேன்?” என்றான் சுருளி.

நான்கு மூலையிலும் மஞ்சள்

ஆலையின் சார்பில் எங்களுக்குக் கடிதம் எழுதியவர் பெயர் லில்லி. சொந்தப் பெயர் வேறு. நம் வாயில் நுழையாது என்று அவராகவே வைத்துக்கொண்ட பெயர் இது. பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து அனுப்பச் சொன்னார். நானும் ஸ்கேல் வைத்து, ஆறு பக்கங்களையும் சார்ட் பேப்பரில் அளவோடு வரைந்தேன். முகப்பில் கடைப் பெயர். அதன் கீழே படத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். என்ன படம் என்பது அப்போது முடிவாகவில்லை.

மொபைலை எடுத்து வர உள்ளே போனேன். அதற்குள் சுருளி வேலையைக் காட்டிவிட்டான். முதல் காகிதம் கடல் தாண்டிப் போகிறதே, வெறுமனே அனுப்பலாமா? உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவது போல நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருந்தான். துடைத்தால் கறை இன்னும் பரவும். அப்படியே படம் பிடித்து அனுப்பிவிட்டேன். அது என் தப்பு.

மறுநாளே லில்லியிடமிருந்து எண் போட்டுக் கேள்விகள் வந்தன. ஒன்று: மூலையிலுள்ள மஞ்சள் பட்டைகளில் இடது மேல் பட்டை மட்டும் பெரிதாக இருக்கிறதே, அதுதான் வடிவமைப்பா? இரண்டு: அந்த மஞ்சளின் வண்ண எண் என்ன? மூன்று: உச்சியிலுள்ள சுழி உங்கள் நிறுவனத்தின் முத்திரையா, பதிவு செய்யப்பட்டதா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுருளிக்கு வாசித்துக் காட்டினேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“ஆத்தாடி, எம்புட்டுப் பொறுப்பாக் கேக்குறாக! நாலையும் ஒரே அளவா வைக்கச் சொல்லுக்கா. நாந்தான் அவசரத்துல இழுத்துட்டேன்.”

நாற்பது முறை

மாதிரிப் பெட்டி வந்தது. நான்கு மூலையிலும் ஒரே அளவில் மஞ்சள், உச்சியில் அழகான சுழி. குறை ஒன்றே ஒன்றுதான்: வாயைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். வெட்டிப் பார்க்காமல் கத்தரி வாங்கிய ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. அதற்காகவே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுக் கொடிக்குச்சி கிடக்கும். பச்சைக் குச்சியில் ஒரு வெட்டு, காய்ந்ததில் ஒரு வெட்டு, அப்புறம் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஸ்பிரிங் சத்தம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் விலையே கேட்பார்கள். சாயங்காலம் கூட்டினால் ஒரு கூடை துண்டுக் குச்சி சேரும்.

ஓடைப்பட்டித் திராட்சைக்காரர் ராமையா மாதிரிப் பெட்டியைக் கையில் வாங்கினார். திறக்க வழி தேடினார். கிடைக்கவில்லை. பல்லால் கடித்துக் கிழித்துவிட்டார். “அண்ணே, புதுப் பொட்டிண்ணே!” என்று சுருளி பதறினான். “புதுசுதான்யா, யாரு இல்லன்னா? பொட்டிய வச்சா நான் பந்தல்ல கவாத்துப் பண்ணப்போறேன்?” என்றார் அவர்.

பசை வேண்டாம், திறந்து மூடும்படி நாக்கு வைத்துச் செய்யுங்கள் என்று லில்லிக்கு எழுதினேன். எத்தனை முறை திறப்பார்கள் என்று கேட்டார். எனக்குக் கூட்டிக் குறைத்துச் சொல்லும் வழக்கம் கிடையாது. விற்பதற்கு முன்பு இருபது முதல் நாற்பது முறை என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது.

“நாக்கு வைத்துச் செய்கிறோம், ஆனால் முதலில் திறந்தவர் ஏன் வாங்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாமா?”

பச்சைக் குச்சி

மிச்சமிருந்தது படம். சுருளி திராட்சைக் குலை என்றான். கத்தரியை வாங்குவதே திராட்சைக்காரர்கள்தானே என்பது அவன் கட்சி. பாண்டிக்குச் சொந்த ஊர் கடமலைக்குண்டு. அந்தப் பக்கத்து வாடிக்கையெல்லாம் அவனை நம்பி வருவது. அங்கே முருங்கைதான். “திராட்சப் படத்தப் போட்டா எங்காளு ஒருத்தன் தொடமாட்டான் மச்சான். இது நமக்கு ஆகாதுன்னு வச்சுட்டுப் போயிருவான்” என்றான். சிரித்தேன். அன்றே மயிலாடும்பாறையிலிருந்து வந்த ஒருவர் திராட்சைப் படம் போட்ட பூச்சிமருந்து டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முருங்கைக்கு வேறு இருந்தால் கொடுக்கச் சொன்னார். சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

லில்லி வீடியோவில் பேசலாம் என்றார். அவருக்கு வேலை தொடங்கும் நேரம் ஒன்பது என்றால் நமக்கு ஆறரை. சுருளி தோளில் துண்டோடு வந்து உட்கார்ந்தான். கையில் அப்போதுதான் பறித்த திராட்சைக் குலை. “பாருங்க, இதுதான் படம்” என்று அவன் காட்டிக்கொண்டிருக்கும்போதே, பாண்டி பின்னாலிருந்து கை நீளத்துக்கு ஒரு முருங்கைக்காயை நீட்டினான். “ஏலே, எடுடா அங்கிட்டு, குலைய மறைக்குது!” என்று இவன் தள்ள, “நீ எடு மச்சான், காய மறைக்குது!” என்று அவன் தள்ள, மொபைல் மல்லாந்து விழுந்தது. எடுத்து நிமிர்த்தினேன். லில்லி ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“அந்தப் பச்சைக் குச்சியும் கத்தரியோடு சேர்ந்து பெட்டிக்குள் வர வேண்டுமா? அப்படியானால் பெட்டியின் நீளத்தை மாற்ற வேண்டும்.”

இரண்டையும் சேர்த்தால்

ஒரு படத்துக்குக் குறைந்தது மூவாயிரம் பெட்டி அடிக்க வேண்டும். அதற்குக் கீழே ஆலை ஒத்துக்கொள்ளாது; நாங்கள் வாங்குவதே மொத்தம் மூவாயிரம்தான். ஆகவே பாதிக்குத் திராட்சை, பாதிக்கு முருங்கை என்ற பேச்சுக்கே இடமில்லை. சண்டை போடும் குழந்தைகளுக்குப் பாகம் பிரித்துக் கொடுத்துப் பழகிய கை அல்லவா என்னுடையது? இரண்டையும் ஒரே படத்தில் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று உட்கார்ந்தேன். நடுவில் உருண்டையாகத் திராட்சைக் குலை. அதன் கீழே, அழகுக்காகப் பெருக்கல் குறி போல இரண்டு முருங்கைக்காய். வண்ணம் தீட்ட நேரமில்லை; கறுப்பு மையிலேயே வரைந்து, கடை வாசலில் ஒட்டி வைத்தேன். நாலு பேர் பார்த்துக் கருத்துச் சொல்லட்டுமே.

முதலில் வந்தவர் எட்டிப் பார்த்து, ஓர் அடி பின்னால் போனார். இரண்டாமவரும் அப்படியே. எனக்கு விளங்கவில்லை. மூன்றாவதாக வந்த பெண் படியேறாமல் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டதும்தான், டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் தொங்கும் மண்டையோட்டுப் பலகை என் நினைவுக்கு வந்தது.

“அண்ணே, இது கரண்டுல ஓடுற கத்தரியாண்ணே? தொட்டா இழுக்குமா?”

வெள்ளிக்கிழமைக்குள்

இதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு திங்கட்கிழமை லில்லி எழுதினார்: வெள்ளிக்குள் படம் வராவிட்டால் இந்த முறை அச்சில் ஏறாது; சீனப் புத்தாண்டுக்கு ஆலையை மூடிவிடுவோம், திறக்க ஒரு மாதமாகும். அப்படியானால் சரக்கு வந்து சேரும்போது ஓடைப்பட்டியில் கவாத்து முடிந்திருக்கும். வருகிறது, வருகிறது என்று சுருளியும் பாண்டியும் சொல்லிவைத்த அத்தனை பேரும் வேறு கடையில் வாங்கியிருப்பார்கள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பேச்சு தடித்தது. “திராட்சன்னா நீங்களே பாத்துக்கங்க மச்சான். நான் கடமலைக்குண்டுல கடை பாத்துக்கிறேன்” என்று பாண்டி எழுந்தான். “பாத்துக்க மாப்ள, யாரு கையப் புடிச்சா?” என்றான் சுருளி. சுருளியின் அக்கா நான். பாண்டியின் அக்கா சுருளியின் மனைவி. எந்தப் பக்கம் பேசினாலும் ஒரு வீட்டில் எனக்குச் சோறு கிடையாது.

மூன்று நாள் இருவரும் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, “அரை இஞ்சு ஆணி எங்கன இருக்குன்னு அவரக் கேளுங்க மதினி” என்பான் பாண்டி. பதினெட்டு வருடமாக அந்த ஆணி ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பாண்டி நிஜமாகவே கடமலைக்குண்டு பஸ் ஏறி, ஒரு கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தான். வியாழக்கிழமை சுருளியின் மனைவி ஒரு முடிவு சொன்னாள்: காளியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சிவப்பு திராட்சைக்கு, வெள்ளை முருங்கைக்கு. சாமி முன்னால் போட்டு, ஏதாவது ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. இருவரும் ஒத்துக்கொண்டார்கள். பொட்டலம் மடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வெள்ளி காலை கோயில் வாசலில் வாழை இலையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். சுருளி செருப்பை விடுகிற சாக்கில் பக்கத்தில் வந்தான். “அக்கா, ரெண்டுலயும் வெள்ளையவே வச்சிரு. அவன் பாட்டுக்குப் போயிட்டா நான் யாருகூட உக்காந்து கடைய நடத்துறது? முருங்கையே இருந்துட்டுப் போகட்டும்.” அவன் உள்ளே போனதும் பாண்டி வந்தான். “மதினி, வாய் தவறி ஒரு வார்த்த விட்டுட்டேன். அங்கன போய்க் கடையப் பாத்தேன். தனியா உக்காரணும்னு நெனச்சாலே பக்குங்குது. ரெண்டுலயும் செவப்ப வச்சிருங்க. மச்சானுக்குச் சொல்லிறாதீக.”

நான் குழந்தைகளுக்குக் குலுக்கல் பரிசு நடத்தியவள். இருபத்தாறு வருடத்தில் ஒரு குலுக்கலிலும் கை வைத்ததில்லை. ஒன்றில் சிவப்பு அரளி, ஒன்றில் வெள்ளை அரளி என்று நேர்மையாகவே மடித்து நூல் சுற்றினேன். பூசாரி வாங்கிச் சாமி காலடியில் போட்டார். தரிசனத்துக்கு வந்த ஒரு நான்கு வயதுப் பாப்பாவை அவள் அம்மாவிடம் கேட்டு அழைத்து வந்தோம். சுருளி கண்ணை மூடி முருங்கைக்காகக் கும்பிட்டான். பக்கத்தில் பாண்டி திராட்சைக்காகக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். கடல் தாண்டி இருக்கிறவர்களோடு எல்லாவற்றையும் கடிதத்திலேயே முடித்துக்கொண்ட நாங்கள், ஒரே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்காக அம்மன் வரைக்கும் வர வேண்டியிருந்தது.

“ஒண்ண மட்டும் எடு தாயி” என்றார் பூசாரி.

பாப்பாவும் எங்கள் பக்கத்து ஆள்தானே. இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டு, சிவப்பை எடுத்துக்கொண்டாள்.