மணிக்கட்டுப் பட்டியும் கைநாட்டும்

வெள்ளவத்தைத் தரிப்பிடத்தில் நின்று வைத்தியர் சொன்ன பயிற்சியைச் செய்தால் பஸ் நின்றுவிடுகிறது. வலக்கையை நேரே நீட்டி, உள்ளங்கையை வெளியே காட்டி, இடக்கையால் விரல்களைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. எனக்குத் தேவையில்லாத பஸ் எல்லாம் நிற்கிறது. கொண்டக்டர் "நகின்ன, நகின்ன" என்று ஏறச் சொல்கிறார். நான் மாட்டேன் என்று தலையாட்ட, சிங்களத்தில் ஏதோ திட்டிவிட்டுப் போகிறார். ஊரில் இருக்கும் நீங்கள் இதை வாசித்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் மிச்சத்தையும் வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் குப்பி விளக்கில் படித்தவள் நான். இங்கே கொழும்பில், கொட்டாஞ்சேனை அச்சகம் ஒன்றில் நாள் முழுக்கக் கொம்பியூட்டருக்கு முன்னால். கலியாணக் காட், மரண அறிவித்தல், பரீட்சை வினாத்தாள் எல்லாம் என் விரலால்தான் போகும். முன்பு அச்சுக் கோர்த்தவர்கள் நின்று வேலை செய்த உயரமான மேசையில்தான் கொம்பியூட்டரை வைத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்ததோ குட்டைக் கதிரை. பத்து மணித்தியாலம் மணிக்கட்டை மேலே மடித்து வைத்துத் தட்டினால் என்ன ஆகும்? முதலில் பெருவிரல் விறைத்தது, பிறகு பக்கத்து இரண்டு விரல்களும். தேத்தண்ணிக் கோப்பை கையால் நழுவியது. முதலாளி ரஷீத் நானா நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "வெரல் மட்டும்தானே மகள் ஆடுது, அதுக்கென்ன நோவு?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாமன்கடை வைத்தியர் தகடு வைத்த பட்டி ஒன்றை மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார். "ஆறு கிழமைக்குக் கழட்டப்படாது பிள்ளை. குளிக்கேக்கை மட்டும்தான். கதிரையை உயர்த்துங்கோ, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா கையை ஆற விடுங்கோ. இல்லாட்டி வெட்டித்தான் பாக்கவேணும்." கதிரையில் இரண்டு பழைய டெலிபோன் டிரெக்டரிகளை அடுக்கி ஏறி இருந்தேன். இரண்டாம் கிழமையே விறைப்புக் குறைந்தது. வலக்கை இல்லாவிட்டால் இந்த ஊரில் எனக்கு வேலையும் இல்லை, இருக்கக் காரணமும் இல்லை. அந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

ஆனால் வீதி இருக்கிறதே. சண்டை நடக்கும் காலத்தில் தமிழ்ப் பிள்ளையின் கையில் கட்டு என்றால் அது காயம். காயம் என்றால் எங்கே பட்டது, எப்போது பட்டது என்று கேள்வி வரும். அதனால் நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். செக்பொயின்ற் வருவதற்கு முன்னமே பட்டியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிடுவேன், தாண்டியதும் கட்டிக்கொள்வேன். வைத்தியருக்குச் சொல்லவில்லை. கேள்வி வரமுதல் ஒளிப்பது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த பழக்கம் அல்லவா.

ஒரு காலை, பஸ்ஸால் எல்லோரையும் இறக்கினார்கள். பொலிஸ்காரி என் கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக வரி வரியாகத் தடம். பைக்குள் கைவிட்டால் தகடு வைத்த பட்டி. "மொகத மே?" என்ன இது என்கிறாள். "அத ரிதெனவா. கொம்பியூட்டர்" என்றேன். கை நோகிறது என்பதற்கு மேல் என் சிங்களம் போகாது. நோகிற கையில் இல்லாமல் பைக்குள் ஏன் என்று சைகையால் கேட்டாள். நியாயமான கேள்வி. கையில் இருந்திருந்தால் அது மருந்து. ஒளித்து வைத்ததால் சாட்சியாகிவிட்டது.

பொலிஸ் நிலைய வாங்கில் மூன்று மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். அச்சகத்துக்குச் செய்தி போய், ரஷீத் நானா வைத்தியரிடம் எழுதி வாங்கிய துண்டோடு வேர்த்து விறுவிறுத்து வந்தார். அவர் சிங்களத்தில் பேசப் பேச அதிகாரியின் முகம் இளகியது. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டால் போகலாம் என்றார்கள். பேனையைப் பிடித்தால் பெருவிரல் விறைத்துப் போய்க் கிடக்கிறது. போட்டேன். அதிகாரி என் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அட்டையில் இருந்தது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது போட்ட வடிவான கையெழுத்து.

"பதறாம போடுங்க மகள்" என்றார் நானா. மூன்று தடவை போட்டேன். ஒன்றும் அட்டையோடு பொருந்தவில்லை, ஒன்றோடு ஒன்றும் பொருந்தவில்லை.

"எழுத தெரியாதா?" அதிகாரி தமிழில் கேட்டார், நக்கலாக இல்லை, இரக்கமாக.

"தெரியும்" என்றேன்.

அவர் மைப்பெட்டியைத் தள்ளினார். இடக்கைப் பெருவிரலை வைத்தேன். கோபத்தில் கண்ணீர் வந்தது. திரும்பி வரும்போது நானா, "நாளைக்கே அந்த மேசைக்காலை அறுக்கிறேன்" என்றார். அறுத்தும்விட்டார்.

இப்போது பட்டியைக் கழற்றுவதில்லை. பஸ்ஸால் இறக்கினால் வலக்கையைப் பட்டியோடேயே நீட்டுகிறேன். இடக்கையில் அடையாள அட்டை. அதில் கையெழுத்துப் போட்டவள் யாழ்ப்பாணத்துக்காரி. அதைப் பிடித்திருக்கும் பெருவிரலோ, எழுதத் தெரியாதவள் என்று கொழும்பில் பதிவானவளுடையது.