கிளினிக்குக்கு முந்தைய வாரம்

என் கணவருக்கு இனிப்புநீர் வியாதி வந்து ஒன்பது வருடமாகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிள்ளானில் எங்கள் வீட்டருகே உள்ள அரசாங்க கிளினிக்கில் காட்ட வேண்டும். அதற்கு முந்தைய வாரம் மட்டும் மனிதர் சாமியாராகிவிடுவார். எண்ணெய் மினுங்கும் ரொட்டி சானாய் கிடையாது, இனிக்க இனிக்க ஆற்றித் தரும் தே தாரிக் டீ கிடையாது. காலையில் பாகற்காய்ச் சாறு. அலமாரியில் மறந்து கிடந்த மாத்திரைகளெல்லாம் வேளை தவறாமல் உள்ளே போகும். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை நல்ல பிள்ளையாக ஏழுதான் காட்டும். டாக்டரும் இதே மருந்து போதும் என்று அனுப்பிவிடுவார். திரும்பும் வழியிலேயே ரொட்டி சானாய் போடும் மாமாக் கடையில் வண்டி நிற்கும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரை ஏமாற்றுகிறீர்கள் என்று கத்துவேன். உண்மையைச் சொன்னால் இன்சுலின் ஊசி போடச் சொல்வார்களாம், ஊசி போட்டால் லோரி ஓட்ட விடமாட்டார்களாம். கூட லோரி ஓட்டுகிற கூட்டாளி சொன்னானாம். அந்த மகா வைத்தியர் சொன்னதை ஒரு தடவையாவது டாக்டரிடம் கேட்டாரா என்றால், அதுவும் இல்லை.

போன வருடம் அவருடைய இடது கால் பெருவிரல் மரத்துப்போனது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தார். கிளினிக்கில் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை வேறு.

அந்த முறை இருந்தவர் புதிய டாக்டர், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். கையில் எடுத்த ரத்தத்தின் முடிவைப் பார்த்தார். மூன்று மாதக் கதையையும் அது சொல்லிவிடுமாம். விரல் ஏழு என்றது, அது பதினொன்று என்றது. ஊசி ஆரம்பிக்கலாம் என்றார். தீபாவளி கழியட்டும் டாக்டர் என்று இவர் இழுத்தார். வெளியே கூட்டம் நிரம்பி வழிந்தது. டாக்டர் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"கால் மரத்துப்போகுதா அங்கிள்?"

இவர் இல்லை என்று தலையாட்டினார். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஆன்டி?"

அந்தச் சின்னப் பெண் முன்னால் புருஷனை எப்படிப் பொய்யனாக்குவது?

"இல்ல டாக்டர்."

சரி, தீபாவளிக்குப் பிறகு பார்ப்போம் என்று அதே மருந்தை எழுதிக் கொடுத்தார்.

தீபாவளிக்கு முன்பே அந்த விரலில் புண் வந்து கறுத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். வார்டில் கட்டுப்போட்ட காலைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அத்தனை தடவை சொன்னேனே, கேட்டீர்களா என்று திட்டித் தீர்த்தேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். பிறகு கோபமே இல்லாமல் சொன்னார்.

"டாக்டர் உன்னையும்தானே கேட்டாங்க."