அண்ணியின் ஆசிலேட்டர்

அந்தப் பெட்டியின் முகப்பில் கையால் திருப்புகிற ஐந்து திருகுகள் இருந்தன. நடுவில் இருந்த பெரிய கறுப்புத் திருகைத் தொடவே எனக்குப் பயம். கரண்ட் அடிக்கும், எரிந்துபோகும், அண்ணன் திட்டுவார் என்று வரிசையாகத் தோன்றும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். விசைத்தறி ஓடுகிற தறிக்குடோனில் ஆறு வருஷம் இருந்துவிட்டு, பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டாரை ஓட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்து நல்லது கெட்டது சொல்லும் வேலைக்கு வந்திருந்தேன். அண்ணிக்கு ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை. காந்திபுரத்தில் சாமான் வாங்கி, தன் கையாலேயே சால்டர் வைத்து அந்தப் பெட்டியைச் செய்திருந்தார். ஆசிலேட்டர் என்பார். மாடுலர் சிந்தசைசர் என்று, பெட்டி பெட்டியாகச் சேர்த்துச் செய்கிற கரண்ட் வாத்தியத்தில் சத்தம் பிறக்கிற இடம் அதுதானாம்; மற்ற பெட்டிகள் அந்தச் சத்தத்தை வெட்டவும் வளைக்கவும் மட்டும்தானாம். எந்தத் துளையில் வயரைச் செருகுகிறோமோ அதற்கேற்பச் சத்தம் மாறும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். "படிச்சவங்களக் கேட்டா அலை, அதிர்வுங்கறாங்க. நீ சொல்லு தம்பி, இது என்ன மாதிரி இருக்குது?" ஒரு துளையில் செருகினால் யாரோ தூரத்தில் வாயை மூடிக்கொண்டு முனகுவது போல வழவழவென்று வரும். அடுத்ததில் அதே சுருதிதான், ஆனால் ரம்பம் அறுக்கிற சொரசொரப்பு. "ஏத்தத்துல டவுன் பஸ்ஸுங்க அண்ணி" என்பேன். எழுதிக்கொள்வார். இரண்டாவதாக இன்னொரு ஆசிலேட்டர் செய்து, அதன் வயரை முதல் பெட்டிக்குள் விட்டு அந்தச் சத்தத்தை ஆட்டியபோது மணி கேட்டது, பிறகு சிட்டுக்குருவி, பிறகு தண்ணீர் இல்லாமல் ஓடுகிற மோட்டார். அந்தக் கடைசிச் சத்தத்துக்கு நான் சுவிட்சை அணைக்க எழுந்தேவிட்டேன். அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிறு பெரிய திருகை மேலே மேலே திருப்பிக்கொண்டே போனார். சத்தம் மெலிந்து, ஊசியாகி, நின்றுவிட்டது. நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். உள்ளே படுத்திருந்த அண்ணன் கத்தினார்: "அம்மணி, காது கிழியுது! மனுசன் தூங்கறதா வேண்டாமா?" எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. மோட்டாரில் பேரிங் கெட்டால் இப்படி ஒரு மெல்லிய கூச்சல்தான் முதலில் வரும். அதைக் கேட்டுச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

அண்ணி என்னைப் பார்த்தார். "கேக்குதா தம்பி?"

"கேக்குதுங்க."

"இப்ப?"

"நல்லாவே கேக்குதுங்க அண்ணி."

மடியில் இருந்த கையை எடுத்துக் காட்டினார். ஸ்பீக்கர் வயர் அங்கே கிடந்தது. எப்போது பிடுங்கினார் என்று நான் பார்க்கவில்லை.

"எனக்குப் பயந்து பொய் சொன்னயா, வேலைக்குப் பயந்தா?"

"வேலைக்குத்தானுங்க."

வயரை மறுபடி செருகி, திருகை மெல்லக் கீழே இறக்கினார். எனக்குக் கேட்க ஆரம்பித்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "இதுக்குக் கீழ உன்ர காது என்ர காதவிட நல்ல காது. மேலதான் இல்ல. தறிச் சத்தத்துல போயிருக்கும். அத நான் வந்து உங்க கம்பெனில சொல்ல முடியாது கண்ணு, நீதான் சொல்லோணும். கெட்ட மோட்டாரு எவனோ ஒரு குடியானவன் கெணத்துக்குள்ள போய் நிக்குமல்ல?"

திங்கட்கிழமை கம்பெனி கேட் வரை போய், இரண்டு தடவை டீக்கடைக்கே திரும்பி வந்தேன். மூன்றாம் தடவை உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் தன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு மாசமா வித்த மோட்டாரெல்லாம் சத்தம் சத்தம்னு திரும்பி வருதே, அது உங்க காதுதானுங்களா!" வேலையை விட்டுத் துரத்தவில்லை. பாகங்களைச் சேர்த்து மோட்டார் பூட்டுகிற இடத்துக்கு மாற்றினார். அடுத்த வாரம் துரத்துவார், அடுத்த மாதம் துரத்துவார் என்று ஒரு வருஷம் பயந்துகொண்டிருந்தேன்.

அண்ணனும் அண்ணியும் இப்போது ஓசூரில் இருக்கிறார்கள். பெட்டிகள் பெருகி ஒரு சுவரையே அடைத்துவிட்டதாக அண்ணன் புலம்புகிறார். நான் அதே கம்பெனியில்தான். என் பழைய இடத்தில் ஒரு பெண் மோட்டார் ஓட்டிப் பார்க்கிறாள். போன வாரம் ஒன்றை ஓடவிட்டு, "அண்ணா, கீச்சுன்னு ஒண்ணு கேக்குதுங்களா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதுங்களா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குக் கேக்காது கண்ணு. உனக்குக் கேட்டா இருக்குதுன்னுதான் அர்த்தம். கழட்டு."

கழற்றினோம். பேரிங்கில் ஒரு குண்டில் கீறல் விழுந்திருந்தது.